ராஜஹம்ஸத்துக்கு வார்த்த பால்

பஞ்சு மாமா ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே வீட்டுக்குள் போகமாட்டார். கட்டடத்தின் பின்பக்கம் போய், அங்கே இருந்த சிமெண்டுத் தொட்டியடியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, குழாய்க்கு வருவார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, குழாயின் மேல் எப்போதும் இருக்கும் சிவப்புச் சோப்புத் துண்டால் கையைத் தேய்ப்பார். தென்னங்குச்சியால் நகக்கண்களைச் சுரண்டுவார். பிறகு வலது கைவிரல்களை மூக்கருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை வருவார். முகம் சுளித்தால் மறுபடி சோப்பு. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு சிட்டிகை காப்பிப் பொடியை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்ட பிறகுதான் படியேறுவார். தமிழர்கள் நிறைந்த பம்பாய் மாட்டுங்காவில் ஒரு மனிதர் மேல் காப்பி வாசனை வந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

"ஆசாரம்னா பஞ்சுகிட்ட கத்துக்கணும். ரயில்ல கண்டதையும் தொட்டது போகணுமோல்லியோ" என்பார் மாடிவீட்டு வெங்கடேஸ்வரன். அவர் பெரிய ஆபீஸ் ஒன்றில் சூபரின்டென்டென்ட். வீட்டிலும் அதேதான். கட்டடத்தில் தண்ணீர் வராவிட்டாலும், யாராவது குடையை விரித்துக் காயப்போட்டாலும், அவர்தான் விசாரணை நடத்துவார்.

அந்தக் கட்டடத்தின் பின்பக்க அறையில் நானும் இன்னும் இரண்டு பேரும் குடியிருந்தோம். மற்றவர்கள் இரவு ஷிப்டு. மாலையில் நான் மட்டும் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு நேர் கீழே அந்தத் தொட்டி. அதனால் பஞ்சு மாமா எதற்காக விரல்களை முகர்ந்தார் என்பது கட்டடத்தில் எனக்கு மட்டும் தெரியும் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாபகேசன் என்கிற பஞ்சு மாமா பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். டைப்ரைட்டிங் தேறிய கையோடு, பதினெட்டு வயதில் பம்பாய்க்கு ரயிலேறியவர். பாண்டுப்பில் உப்பளம் வைத்திருந்த ஒரு சேட்டிடம் குமாஸ்தா. உப்பு மூட்டைகளை எழுதி வைத்து, லாரிகளுக்குச் சீட்டுக் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. உரக்கப் பேசமாட்டார். யாராவது உரக்கப் பேசினால், அவரே தப்பு செய்துவிட்டது போல ஒரு பார்வை பார்ப்பார்.

மாமியின் பெயர் வாலாம்பாள். ஒருகாலத்தில் அவள் பாட்டைக் கேட்கத் தெருவில் போகிறவர்கள் நிற்பார்களாம். நான் குடிவந்தபோது அந்த வீட்டிலிருந்து சத்தமே வராது. வயிற்றில் உண்டானதெல்லாம் தங்காமல் போய், கடைசியில் பிறந்த பெண்ணும் தொட்டிலில் இடுவதற்கு முன்பே போய்விட்டது. அதிலிருந்து மாமி கட்டிலை விட்டு எழுவதே அபூர்வம். மாமாவே சாதம் வடித்து வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவார்.

அறுபத்து நாலாம் வருஷம் சங்கராந்தியன்று அந்தப் பறவை வந்தது. பம்பாயில் சங்கராந்தி என்றால் காற்றாடி. மாஞ்சா நூல் வானம் பூராவும் கிடக்கும். உப்பளத்துக்கு எப்போதாவது வரும் ஒரு சிறு பறவைக் கூட்டத்தில் ஒன்று அந்த நூலில் சிக்கி, இறக்கை கிழிந்து, பாத்தியில் விழுந்தது. காவல்காரன் அதைத் தூக்கிக்கொண்டு மாமாவின் மேஜைக்கு வந்திருக்கிறான்.

"ராஜஹம்ஸ் ஹை, ஸாப். மர் கயா தோ பாப் லகேகா" என்றானாம். செத்தால் பாவம் வந்து சேரும் என்று.

பாவத்துக்கு மாமா பயந்திருக்கலாம். ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது பெயர்தான். ராஜஹம்ஸம். ஹம்ஸம் என்றால் அன்னம். சரஸ்வதியின் வாகனம், பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை. ஒரு சாக்கில் கட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, தாதர் போகும் உப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நீளக் கழுத்து லாரிக்கு வெளியே நீண்டு சயான் வரை ஊரைப் பார்த்துக்கொண்டு வந்ததாம்.

"வாலா, எழுந்து வா. நம்மாத்துக்கு யார் வந்திருக்கா பாரு" என்று அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான்.

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் அது ஒற்றைக் காலில் நின்றது. உடம்பு ரோஜா இதழின் உட்பக்கம் போல. ஒடுங்கிய இறக்கையின் ஓரத்தில் மட்டும் குங்குமமும் கறுப்பும்.

"செவப்பா இருக்கே. அன்னம்னா வெளுப்பாக்கும்."

"அடிபட்டிருக்கில்லியோ. சரியாப் போயிடும்" என்றார் மாமா. வேறென்ன சொல்வார்?

மாமி உள்ளே போய்ப் பாயசம் வைக்கும் உருளியை எடுத்து வந்தாள். தண்ணீர் விட்டாள். ஆரே பால் பாட்டிலின் மூடியைப் பிரித்து அதில் பாதியைக் கவிழ்த்தாள். பறவை வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து உருளிக்குள் விட்டது. அலகு துடித்தது. அதன் இரண்டு ஓரங்களிலிருந்தும் தண்ணீர் சிறு சிறு பீச்சலாக வெளியே வந்தது.

மாமியின் கை வாய்க்குப் போயிற்று. "பாத்தேளா! பாலை உள்ளே வெச்சுண்டு ஜலத்தை வெளியே விடறது! பாத்தேளா, ஏன்னா!"

அந்தப் பறவை வேறு எதைச் செய்திருந்தாலும், வெறுமே குடித்திருந்தாலும், அவள் நம்பியிருக்கமாட்டாள். இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் பின்கட்டில் கோலம் இருந்தது. அந்த வாரமே பாட்டுக் கேட்டது. ஆரம்பத்தில் தொண்டை கட்டி, இடையிடையே நின்று, மறுபடி முதலிலிருந்து. மாமா குடத்தை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு அதை மூட மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

தாராவியிலிருந்து காலையில் கீரை விற்க வரும் பூமாரி அக்கா அதைப் பார்த்தபோது கூடையை இறக்கக்கூட இல்லை.

"யாத்தி! பூநாரையில்லா இது! எங்க ஊரு உப்பளத்துல கெடையா கெடக்குமே."

"கொக்குன்னு சொல்லாதே, பூமாரி. அது அன்னமாக்கும்" என்றாள் மாமி.

"கொக்குங்கல யம்மா, நாரைங்கேன். பூ மாதிரி நெறமா இருக்கப்போயி பூநாரை. எம்பேர்லயும் பூ இருக்கு, எனக்கு யாரு பால் ஊத்துதா? பால் கார்டுக்கு அரை பாட்டிலு கெடைக்காம எம்புள்ளைய வரிசையில நிக்கி."

"பேர் ஊருக்கு ஊர் மாறும்டீ. காரியத்தைப் பாரு. காரியம் அன்னத்தோடது."

"சரித்தான். நாளைக்கு அது பாடுனாலும் பாடும்" என்று சிரித்துக்கொண்டே பூமாரி முருங்கைக் கீரையை எடுத்துப் போட்டாள். மாமியும் சிரித்தாள்.

பால், ஊறவைத்த அரிசி, மோர் சாதம். பறவை சாகவில்லை. ஆனால் சித்திரை வந்தபோது அதன் நிறம் இறங்க ஆரம்பித்தது. முதலில் கழுத்து, பிறகு முதுகு. உதிர்ந்த இறகுகளுக்குப் பதில் முளைத்தவை சுண்ணாம்பு போல இருந்தன. மாமிக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

"நான் சொல்லலை? சகதியில கெடந்த தோஷம். நம்மாத்துப் பால்ல எல்லாம் கழியறது. வெளுத்துண்டே வரது பாருங்கோ." பக்கத்துக் கட்டடங்களிலிருந்து பெண்கள் வெற்றிலை பாக்கோடு வந்து பார்த்தார்கள்.

வெளுக்க வெளுக்க அதன் கால்கள் நடுங்கியதை மாமா பார்த்தார். அவர் உப்பளத்துக்காரர். கூட்டத்தில் மிச்சமிருந்தவை அங்கே பாத்திகளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அலைந்ததைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் வரப்பில் நின்று பார்ப்பாராம். ஒருநாள் அவை நின்ற இடத்துத் தண்ணீரைக் கையில் அள்ளியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிவப்பாகச் சில பூச்சிகள் உள்ளங்கையில் நெளிந்தன.

"எடா, அந்தப் பறவை நெறமே என் கையில நெளியறது" என்று என்னிடம் பின்னால் சொன்னார். "நேக்கு அப்பவே புரிஞ்சுடுத்து. இது பால் குடிக்கற ஜாதி இல்லை."

மழை தொடங்கி உப்பளம் முழுகிவிட்டது. பூச்சி கிடைக்க வழியில்லை. அதற்கு நெருக்கமாக எது என்று அவர் யோசித்ததில், பம்பாயின் மீன் சந்துகளில் மரக்காலால் அளந்து போடும் ஜவ்லா தோன்றியது. நகக்கண் அளவே உள்ள காய்ந்த இறால். பாலக்காட்டு அய்யர் மாட்டுங்காவில் இருந்துகொண்டு அதை எங்கே போய் வாங்குவது? சாயங்காலங்களில் பூமாரி ஸ்டேஷன் வாசலில் கீரைக்கடை போடுவாள். அவளிடம் போய் நின்றிருக்கிறார்.

பூமாரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் அதை. "சாமி வந்து நிக்குதாரு தம்பி. கீரையத் தூக்குதாரு, வைக்காரு. தூக்குதாரு, வைக்காரு. என்ன சாமி வேணும்னேன். காதுகிட்ட குனிஞ்சு, 'பூமாரி, அந்த... சின்னதா... காய வெச்சது'ங்காரு. நான் சுண்டைக்காய் வத்தல்னுல்லா நெனச்சேன்!"

ஆனால் அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஒரு பொட்டலம், கீரைக்கட்டுக்கு நடுவே. மாமா அதைத் தொட்டியடியில் தண்ணீரில் நனைத்து ஊட்டுவார். மாமி அந்த நேரம் சாமி விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். அப்புறம்தான் சோப்பு, தென்னங்குச்சி, காப்பிப் பொடி.

"மாமிகிட்ட சொல்லிடலாமே, மாமா" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொல்லலாம். அவ பாடறா பாரு, அது நின்னுடும். அன்னம் இல்லேன்னா அவளுக்கு அது வெறும் நாரை. நாரைக்காக யாராவது படுக்கையிலேர்ந்து எழுந்துப்பாளா?" சோப்பைக் குழாயின் மேல் வைத்துவிட்டு, "சொல்றேன். நவராத்திரி ஆகட்டும்" என்றார்.

நவராத்திரிக்குள் பறவை தேறிவிட்டது. இறக்கையின் ஓரங்களில் வெட்கம் போல ஒரு சிவப்பு திரும்பி வந்தது. மாமி அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. தோஷம் திரும்பிவிட்டது என்று அழுவாள் என்று மாமா பயந்துகொண்டிருந்தார். அவளோ சரஸ்வதி பூஜைக்குப் பறவையின் காலில் மஞ்சள் நூல் கட்டவேண்டும் என்று நூலைத் திரித்துக்கொண்டிருந்தாள்.

பூஜைக்கு முதல் நாள் காலை. கொலுவுக்கு வருகிறவர்கள் பின்பக்கம் பறவையைப் பார்க்கப் போவார்கள் என்பதால் வெங்கடேஸ்வரன் கீழே இறங்கி அந்த இடத்தைச் சுத்தம் பண்ண ஆள்விட்டார். சாக்கடை வாயில் ஏதோ சிவப்பாகக் கிடந்தது. குச்சியால் கிளறினார். முகர்ந்தார். மீன் வாடை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மச்சம்! நாளைக்கு சரஸ்வதி பூஜை, அன்னம் நிக்கற எடத்துல மச்சம்!"

எல்லோரும் வந்துவிட்டார்கள். பூமாரி அப்போதுதான் கூடையை இறக்கி வைத்திருந்தாள். வெங்கடேஸ்வரனின் கண் அங்கே போயிற்று.

"இது ஒன் கூடையிலேர்ந்து விழுந்ததா?"

பூமாரி நிமிர்ந்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா தோளில் துண்டோடு குழாயடியில் நின்றார். அவர் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வாசற்படியில், கையில் நூல் கண்டுடன்.

"கேக்கறேனே, வாயில கொழுக்கட்டையா?"

"ஆமா சாமி" என்றாள் பூமாரி. "எங்கூடையில உள்ளதுதான். வீட்டுக்கு வாங்குனது. சிந்திருக்கும்."

"பிராமணா இருக்கற எடம்னு தெரியாது? இனிமே இந்த காம்பவுண்டுக்குள்ள காலெடுத்து வெக்கப்டாது. போ."

"போறேன். போறேன். வெரட்டாதிய." அவள் கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வழக்கமாக மாமி ஒரு கை கொடுப்பாள். தெருமுனையில் திரும்பும்போது அவள் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா பார்க்கவில்லை.

வெங்கடேஸ்வரன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கூடையில் மச்சம் வைத்துக்கொண்டு கீரை விற்கிறாள் என்று. அந்தத் தெருவில் ஒரு வீடும் அவளிடம் வாங்கவில்லை. கார்த்திகைக்குள் ஸ்டேஷன் வாசலிலும் அவள் இடம் காலியாக இருந்தது.

மாமா வேறு இடத்தில் வாங்க முயன்றார். ஒரு சனிக்கிழமை தாதரில் மீன் சந்து வரை போனாராம். அளந்து போடுகிறவள் "கித்னா?" என்று அளவு கேட்டபோது, பின்னால் யாரோ தமிழில் பேசுவது கேட்டிருக்கிறது. திரும்பி நடந்துவிட்டார்.

"அவ கூடையைத் தூக்கி வெச்சுண்டாளே தானா, அதுதான் கண்ணுலேயே நிக்கறது" என்றார் என்னிடம். "ஒரு வார்த்தை. நான்தான்னு ஒரு வார்த்தை. வெங்கிட்டு என்ன, தலையையா வாங்கிடுவான்?"

தை பிறந்ததும் மாமியிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். தை பிறந்தது. உருளியில் பால்தான் இருந்தது. பறவை மறுபடி வெளுத்தது. இந்த முறை வெளுப்பு வேறு மாதிரி, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி மாதிரி. மாமி இப்போது அதைப் பற்றிப் பெருமைப்படவில்லை. உருளிக்கு எதிரே உட்கார்ந்து அதன் அலகையே பார்த்துக்கொண்டிருப்பாள். இடையில் சில நாள் பிற்பகல்களில் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்வந்தாள். கோவிலுக்குப் பிரார்த்தனை என்று மாமா நினைத்தார். நானும்.

மாசியில் ஒரு காலை, அது தொட்டியில் சாய்ந்து கிடந்தது. கழுத்து மட்டும் உருளியின் விளிம்பில்.

மாமா அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி முதல் வண்டியில் பாண்டுப்புக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். உப்பளத்து வரப்பின் ஈர மண்ணில் காவல்காரன் குழி தோண்டினான். அந்த வருஷத்துக் கூட்டம் வந்திருந்தது. கடப்பாறைச் சத்தத்துக்கு அவை எழும்பின. நிற்கும்போது வெளிர் ரோஜாவாகத் தெரிந்தவற்றில், இறக்கையை விரித்ததும் உள்ளேயிருந்து சிவப்பு பற்றிக்கொண்டது. கறுப்பு ஓரம் போட்ட சிவப்பு.

"இங்கிலீஷ்ல இதுக்கு ஃபிளமிங்கோன்னு பேர்" என்றேன். ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. "அகராதியில பார்த்தேன். தீயைக் குறிக்கற பழைய வார்த்தையிலேர்ந்து வந்ததாம்."

மாமா மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். "தீயா?" என்றார். "பாலை விட்டே அணைச்சுட்டோம்."

அதற்கு அடுத்த வருஷம் அவர்கள் செம்பூருக்குக் குடிபோனார்கள். வெங்கடேஸ்வரனின் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்பது காரணமாக இருக்கலாம். செம்பூரில் மாமியிடம் பாட்டுச் சொல்லிக்கொள்ள நாலைந்து பெண்கள் வந்தார்கள். மாமி படுக்கையில் விழவில்லை. மாமா பயந்த காரியம் நடக்கவே இல்லை. அது அவரை இன்னும் வருத்தியது என்று தோன்றுகிறது. நான் போகும்போதெல்லாம் வாசல்வரை வந்து, தணிந்த குரலில், "பூமாரியை எங்கேயாவது பார்த்தயோ?" என்று கேட்பார். இல்லை என்பேன். அப்போதும் கையை அலம்பியவுடன் விரல்களை முகர்வார். அறுபத்து ஏழில், மழைக்கு முன், ஆபீஸ் மேஜையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பூமாரி அக்காவை நான் பார்த்தது அதற்கு மறுவருஷம். தாராவியில் ஒரு அச்சகத்துக்குப் போயிருந்தேன். சந்து முனையில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா போய்விட்டதைச் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாவம், நல்ல மனுசன். பயந்த மனுசன். எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல தம்பி. அவுகளக் காட்டிக் குடுத்து எனக்கு என்ன ஆகப்போவுது? தெருவே போச்சுன்னுதான் கொஞ்ச நாள் ஊருல போயிக் கெடந்தேன்." சிறிது நேரம் மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா சௌக்கியமா? அவுக இங்கனக்குள்ள வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

பூமாரி ஊரில் இருந்த அந்தத் தை மாதத்தில் மாமி விசாரித்துக்கொண்டு தாராவிக்கு வந்திருக்கிறாள். மடிசாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடைப் பலகைகளைத் தாண்டி. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், மறுபடி வந்திருக்கிறாள், மறுபடியும். அடுத்த குடிசையில் இருந்த நூர் நிஷாதான் கடைசியில் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

மாமிக்கு ஜவ்லா என்ற சொல் தெரியாது. கூனி என்றோ இறால் என்றோ சொல்ல வாய் வரவில்லையோ என்னவோ. "எங்காத்துக்காரர் தெனமும் பூமாரிகிட்ட வாங்கிண்டு வருவாரே, பறவைக்கு. அதுதான் வேணும். அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னாளாம்.

கீரைக்காரியிடம் அய்யர் வேறு என்ன வாங்கியிருப்பார்? நூர் நிஷா மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் நாலு கட்டு முருங்கைக் கீரை வாங்கிவந்து கொடுத்தாள். மாமி ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, நடுவே விரலை விட்டுத் தேடிப் பார்த்தாளாம். பிறகு, ரொம்ப உபகாரம் என்று சொல்லிவிட்டு, எடுத்துக்கொண்டு போனாளாம்.